தலையில் கை வைத்தால் சுகம்!

ஆனி மாதத்தில் மூன்று வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று பல சகோதரிகள் எழுதிக் கேட்டிருந்தீர்கள். "பெண் வீட்டுக்கு யாத்திரையோ?" என்று ஒருவர் விசாரித்திருந்தார். இன்னொருவர் சற்றுக் கோபமாகவே, "ஊறுகாய் போடுகிற சமயத்தில் நீங்கள் ஓடி ஒளிந்துகொண்டால் நாங்கள் யாரைப் போய்க் கேட்பது?" என்று எழுதியிருந்தார். ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. எழுதுவதற்கு வலது கை இல்லை, அவ்வளவுதான். கை என்னவோ உடம்போடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பேனாவைப் பிடிக்கத்தான் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சம்மதிக்கவில்லை.

"நீ சொல்லு, நான் எழுதுகிறேன்" என்று என் வீட்டுக்காரர் பெரிய மனது பண்ணி முன்வந்தார். பாகற்காய்ப் பிட்லையைப் பற்றி ஒரு பக்கம் சொன்னேன். வாங்கிப் படித்துப் பார்த்தால், பாகற்காயை மனிதர்கள் ஏன் சாப்பிடுகிறார்கள் என்று தமக்கு விளங்கவில்லை என நடுவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்! அந்த ஏற்பாடு அத்துடன் நின்றது.

சங்கதி இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்தேன். தலையணைச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டேன். மாலைக்குள் வலி முதுகின் மேல் பக்கத்தில் இறங்கி, தோளைத் தாண்டி, கையின் வெளிப்புறமாகக் கட்டை விரல் வரையில் வந்துவிட்டது. சாதாரண வலி இல்லை. காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு யாரோ இழுப்பது போல ஒரு வலி. அது சற்று ஓய்ந்தால் எறும்பு ஊறுவது போல ஒரு மரமரப்பு. மூன்றாம் நாள் காப்பித் தம்ளர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அப்போதுதான் பயம் வந்தது. ஐப்பசியில் எங்கள் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். தம்ளரையே பிடிக்காத கை, பிறக்கப் போகிற குழந்தையை எப்படிப் பிடிக்கும்?

இத்தனை வலியிலும் ஒரே ஒரு நிலையில்தான் எனக்குச் சுகமாக இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் வலி பாதியாகக் குறைந்தது. ஆகவே சமையலறையிலும், கூடத்திலும், தொலைக்காட்சிக்கு எதிரிலும் தலையில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நல்ல வெள்ளிக்கிழமையும் அதுவுமாத் தலையிலே கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே? வீட்டிலே என்ன குடியா முழுகிப் போச்சு?"

"இல்லை அத்தை, இப்படி வைத்தால்தான் வலி தெரியவில்லை."

"வலிக்கு ஆயிரம் மருந்து இருக்கு. கையை எடு முதல்லே!"

எடுத்தேன். கம்பி மறுபடியும் இழுத்தது. அவர் அந்தண்டை போனதும் கை தானாகத் தலைக்குப் போய்விட்டது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். "எப்படி இருந்தால் வலி குறைகிறது?" என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. செய்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லதாகப் போயிற்று. பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இது தோளில் வந்த வியாதி இல்லை, கழுத்தில் வந்தது" என்றார்.

கழுத்தில் எலும்புகள் ஏழு. அவற்றின் இடையிலிருந்து இரண்டு பக்கமும் எட்டு ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றில் கீழே உள்ளவைதான் தோளுக்கும் கைக்கும் போகின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருக்கும் வட்டு பிதுங்கினாலும், வயதின் காரணமாக எலும்பு ஓரத்தில் துருத்தினாலும், நரம்பு வெளியே வருகிற வாசலில் அதற்கு நெருக்கடி உண்டாகிறது. அந்த இடத்தில் நரம்பு வீங்கிச் சினந்துகொள்கிறது. நெருக்கடி கழுத்தில், கூக்குரல் விரலில்! ஆறாவது நரம்பு என்றால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போகும். ஏழாவது என்றால் நடு விரல். எட்டாவது என்றால் சுண்டு விரல் பக்கம். ஏழாவதுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகமாக வருகிறதாம். எனக்கு ஆறாவது. கையை உயர்த்தித் தலையில் வைக்கும்போது அந்த நரம்பின் இழுப்புத் தளர்கிறது. அதனால்தான் சுகம். டாக்டர்களே இதை ஓர் அடையாளமாக வைத்துக்கொண்டு கேட்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். "டாக்டர் வீட்டிலே வேணுமானா வச்சுக்கட்டும்" என்றார்.

"ஆபரேஷன் வேண்டியிருக்குமா?" என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் சொன்ன பதிலைப் பிறகு நானும் தேடிப் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில் ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே 1976 முதல் 1990 வரையில் இந்த உபாதை வந்த 561 பேரைக் கணக்கெடுத்து, 1994-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறையக் கால் பங்குப் பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது இல்லாமலே ஆகியிருக்கிறது. கடைசியாக விசாரித்தபோது, 100-க்கு 90 பேர் தொல்லையே இல்லாமலோ, சிறு தொல்லையோடோ நடமாடிக்கொண்டிருந்தார்கள். பிதுங்கிய வட்டு நாளடைவில் தானே சுருங்கிப் போவதும் உண்டு. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அன்று இரவு கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஆனால் தூங்காமல் உடனே ஓட வேண்டிய சந்தர்ப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். கையில் பலம் நாளுக்கு நாள் குறைந்தால் காத்திருக்கக் கூடாது. இரண்டு கைகளும் மரத்துப் போனாலும், ரவிக்கைக் கொக்கி மாட்டவே விரல் தடுமாறினாலும், நடையில் தள்ளாட்டம் கண்டாலும், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலும் நெருக்கடி தண்டுவடத்துக்கே வந்துவிட்டது என்று அர்த்தம் கொள்ளலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழே விழுந்த பிறகு வந்த கழுத்து வலி, ஜுரத்தோடு வந்த வலி, காரணம் இல்லாமல் உடம்பு இளைத்து வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வந்த வலி, இவற்றுக்கும் வீட்டு வைத்தியம் கூடாது. கை வலியோடு மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சு முட்டல் என்றால் அது கழுத்துச் சமாசாரமே இல்லாமல் இதயமாக இருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

இனி நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன்.

நமக்கு ஒரு வியாதி வந்துவிட்டால் மருந்து சொல்ல ஊரே இருக்கிறது. தேகப்பயிற்சி சொல்ல அதைவிட அதிகம் பேர். எதிர் வீட்டு அம்மாளுக்குப் போன வருஷம் தோள் வலி. கதவுக்கு மேலே கப்பி ஒன்று மாட்டி, கயிற்றை இழுத்து இழுத்துக் கையை உயர்த்திச் சுகப்படுத்திக்கொண்டவர். அந்தக் கப்பியையும் கயிற்றையும் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் அவருக்கு வந்தது உறைந்த தோள். நீரிழிவு இருப்பவர்களுக்கு அது அதிகமாக வருகிறது. அதில் தோள் மூட்டே இறுகிப்போகும். தானாகவும் கை மேலே போகாது, பிறர் தூக்கிவிட்டாலும் போகாது. எனக்கோ கை மேலே போனால்தான் சுகம்! இன்னும் சிலருக்கு மணிக்கட்டில் நரம்பு நெருங்கிக்கொண்டு, நடு ராத்திரியில் விரல்கள் மரத்து, எழுந்து கையை உதறினால் சரியாகிறது. மூன்றும் கை வலிதான். மூன்றுக்கும் பயிற்சி வேறு. கப்பியை வாங்கி மரியாதையாகப் பரணில் போட்டுவைத்தேன்.

அதில் காட்டிய புத்தியை அடுத்த விஷயத்தில் காட்டவில்லை. மூன்று வாரத்தில் வலி நன்றாகக் குறைந்து முழங்கையோடு நின்றது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காலையில் யோகாசன வகுப்பு நடக்கிறது. "ஆசனம் போட்டால் வராத குணமா?" என்று நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கழுத்தில் இன்ன தொல்லை என்று ஆசிரியையிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓரமாக உட்காரச் சொல்லிவிடுவார்களே என்ற கௌரவக் குறைச்சல்! எல்லோரோடும் சர்வாங்காசனம் செய்தேன், ஹலாசனமும் செய்தேன். செய்யும்போது அற்புதமாக இருந்தது. மறுநாள் காலையில் வலி மறுபடி கட்டை விரலில் வந்து நின்றது. குற்றம் முழுவதும் என்னுடையது. உடம்பின் பாரத்தையெல்லாம் குனிந்த கழுத்தின் மேல் ஏற்றுகிற ஆசனங்கள் அவை. சிரசாசனமும் அந்த இனந்தான். கழுத்து நரம்பு சினந்திருக்கும் காலத்தில் இவற்றின் பக்கமே போகக் கூடாது. தலையைப் பின்னால் மடக்குகிற மத்ஸ்யாசனமும் வேண்டாம். ஏன் தெரியுமா? தலையைப் பின்னால் சாய்த்து, வலிக்கிற பக்கமாகத் திருப்பினால் நரம்பின் வாசல் இன்னும் குறுகிப் போகிறது. 1944-இல் ஸ்பர்லிங் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய நண்பரும் இதையே ஒரு சோதனையாக எழுதி வைத்தார்கள். தலையை அப்படிச் சாய்த்து மேலே லேசாக அழுத்தினால் கையில் வலி பாய்கிறதா என்று டாக்டர்கள் இன்றைக்கும் பார்க்கிறார்கள். டாக்டர் ஒரு முறை பார்க்கிற சோதனையை நாம் தினம் காலையில் 'கழுத்துச் சுற்றும் பயிற்சி' என்று பத்துத் தடவை செய்துகொண்டால் என்ன ஆகும்? கழுத்தைப் பிடித்து 'சடக்' கென்று சொடுக்கெடுக்கும் ஆசாமிகளைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அழாக் குறையாகத் திரும்பவும் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு பிஸியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். என் பெண்ணைவிட இளையவள். பத்துப் பன்னிரண்டு பயிற்சிகளைப் படம் போட்டுக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் ஒரு கதை சொன்னாள்.

நியூஸிலாந்தில் வெல்லிங்டன் நகரத்தில் ராபின் மெக்கென்சி என்று ஒரு பிஸியோதெரபிஸ்ட் இருந்தார். 1956-இல் அவரிடம் ஒரு நோயாளி வந்துகொண்டிருந்தார். இடுப்பிலிருந்து காலுக்குள் வலி பாய்கிற உபாதை. வாரக் கணக்கில் சிகிச்சை செய்தும் குணமில்லை. ஒரு நாள் மெக்கென்சி, "உள்ளே போய்க் கட்டிலில் குப்புறப் படுங்கள், வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைக் கவனித்தார். கட்டிலின் தலைப்பக்கம் முன்பு வந்த நோயாளிக்காக உயர்த்தி வைத்தபடியே இருந்தது. இந்த மனிதரும் ஒன்றும் கேட்காமல் அதன் மேலேயே குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்தபடி கிடந்தார். சில நிமிஷம் கழித்து வந்து பார்த்த மெக்கென்சிக்குத் திக்கென்றது. அவரோ, "இத்தனை வாரத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை. காலில் வலியே இல்லை, இடுப்பில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது" என்கிறார்! அந்த ஒரு தற்செயலிலிருந்து மெக்கென்சி ஒரு பெரிய விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். வலி எவ்வளவு என்பதைவிட, எதுவரைக்கும் என்பது முக்கியம். காலின் நுனியிலிருந்தோ கையின் நுனியிலிருந்தோ வலி பின்வாங்கி முதுகெலும்பை நோக்கி வந்தால் நல்ல அடையாளம். முதுகெலும்பை விட்டுக் கீழே இறங்கினால் அந்த அசைவு ஆகாது. மெக்கென்சி 2013-இல் காலமானார். அவர் வழி இன்று பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கிறது.

"அம்மா, நீங்கள் எந்தப் பயிற்சி செய்தாலும் கையைக் கேளுங்கள்" என்றாள் அந்தப் பெண். "கழுத்தில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, விரலில் குறைகிறதா பாருங்கள். கழுத்து சுகமாக இருந்து விரல் மரத்தால் நிறுத்திவிடுங்கள். உடனே தெரியாவிட்டால் மறுநாள் காலையில் தெரியும்."

எனக்கு மொட்டை மாடி நினைவுக்கு வந்தது. செய்யும்போது அற்புதம், மறுநாள் கட்டை விரல்!

வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும், வலி எதுவரை வந்திருக்கிறது என்று ஓர் எழுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டேன். விரல் வரை என்றால் 'வி'. முழங்கை என்றால் 'மு'. தோள் என்றால் 'தோ'. கழுத்தோடு நின்றால் 'க'. புதிதாக ஏதாவது பயிற்சி ஆரம்பித்தால் அன்றைய தேதியில் ஒரு புள்ளி. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது என்ன, 'வி' என்றால் விரதமா? வாரம் ஆறு நாளா?" என்று கேட்டார். அவருடைய ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிய கவலை அது.

இதில் ஒன்று கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பயிற்சிதான் சேர்க்க வேண்டும். ரசம் சரியாக இல்லை என்று உப்பு, புளி, மிளகு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், மறுநாள் கெட்டுப்போனது எதனால் என்று யார் சொல்ல முடியும்? மூன்று நாள் ஒரே பயிற்சியைச் செய்து, எழுத்துப் பின்னால் போகாமல் இருந்தால், அப்புறம் அடுத்தது.

முதலில் எனக்குக் கிடைத்த பயிற்சி நடப்பதுதான். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம், சமதரையில். இது ஒரு பயிற்சியா என்று எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் கையைத் தொங்கவிட்டு நடந்தால் அதன் கனமே நரம்பை இழுத்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் சுற்றி இடுப்பில் செருகி, அதற்குள் முன்கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டு நடந்தேன். சரியாகிவிட்டது. கையில் பையோ, தோளில் பையோ கூடாது. "சும்மாத்தானே நடக்கிறாய், வருகிற வழியில் இரண்டு கிலோ வெங்காயம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். உட்காரும்போது கைக்குக் கீழே ஒரு தலையணை. படுக்கும்போதும் அப்படியே. தலைக்கு மட்டும் ஒன்று போதும், இரண்டு தலையணை வேண்டாம்.

அடுத்தது முகவாய்ப் பயிற்சி. முதுகு நிமிர்ந்து நாற்காலியில் உட்கார வேண்டும். யாரோ நம் மூக்கைத் தொட வருகிறார்கள் என்றால் முகத்தை எப்படி நேராகப் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம், அதுதான். முகவாய் கீழே குனியவும் கூடாது, மேலே தூக்கவும் கூடாது. இரண்டு மூன்று விநாடி நிறுத்தி விட்டுவிட வேண்டும். ஐந்து தடவை போதும். ஒரே மூச்சில் ஐம்பது செய்வதைவிட, நாளில் நாலைந்து முறை ஐந்தைந்தாகச் செய்வது மேல். இதிலும் கையைக் கேட்கவேண்டியதுதான். எனக்கு இது ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அவர்கள் நிறுத்திவிட வேண்டும். பிறகு தோள்பட்டைகளைக் காதை நோக்கித் தூக்காமல், பின்பக்கமும் கீழ்ப்பக்கமுமாக லேசாக ஒன்றோடொன்று நெருக்குவது. அதற்குப் பிறகு நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாதபடி மெதுவாக எதிர்த்து அழுத்துவது. பலம் என்றால் மல்யுத்தப் பலம் இல்லை. பூரி மாவை விரலால் தொட்டுப் பார்க்கிற பலம்.

'நரம்புப் பயிற்சி' என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையே என்பீர்கள். இருக்கிறது. அந்தப் பெண் அதை விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நரம்பு என்பது பாவாடை நாடா மாதிரி. ஒரு முனையை இழுக்கும்போது மறு முனையை விட்டுக்கொடுத்தால் நாடா மடிப்புக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு முனையையும் இழுத்தால் இறுகும். கையை நீட்டும்போது கழுத்துப் பக்கம் தளர்த்திக்கொடுத்து, நரம்பை வழுக்கவிடுவதுதான் பயிற்சி. தெரியாதவர்கள் இரண்டு முனையையும் இழுத்து, 'சுரீர்' என்று வந்தால் நரம்பு விடுபடுகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். சினந்திருக்கிற நரம்பை இழுப்பது தூங்குகிற நாயின் வாலை மிதிப்பதுதான். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே இதை எழுத்தில் நான் சொல்லித் தரமாட்டேன். நேரில் ஒருவர் கைபிடித்துக் காட்டிய பிறகே செய்யுங்கள்.

"நாள் முழுவதும் வீட்டு வேலை செய்கிறோமே, அதைவிட வேறு பயிற்சி எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். நானும் கேட்டவள்தான். வித்தியாசம் இதுதான். பயிற்சியை ஐந்தோடு நிறுத்தலாம். தேங்காயைப் பாதி மூடி துருவிவிட்டு, "என் நரம்பு போதும் என்கிறது" என்று எழுந்திருக்க முடிகிறதா? அரிவாள்மணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் கொத்தவரங்காய் நறுக்குகிறோம். துணி பிழிகிறோம். கிரைண்டர் கல்லைத் தூக்குகிறோம். எட்டாத பரணில் எவர்சில்வர் அண்டாவை ஏற்றுகிறோம். அப்பாடா என்று உட்கார்ந்தால் மடியில் செல்போன், அதற்கும் குனிந்த தலைதான். சினந்த நரம்புக்கு இவற்றில் ஒன்றுகூட ஆகாது. நறுக்குவதை மேஜைக்கு மாற்றினேன். துணி பிழிவதை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். (பாகற்காயைவிட அதில் அவருக்குச் சிரமம் குறைவு.) பரணுக்கு ஐப்பசி வரைக்கும் விடுமுறை. முழு வாளித் தண்ணீர் பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ. அதை அரை வாளியாக்கி, அதையும் இடது கைக்குக் கொடுத்தேன்.

கழுத்துப் பட்டை போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஹாலந்தில் 205 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தி, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் வலி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பகுதியினருக்குச் சில வாரம் கழுத்துப் பட்டையும் ஓய்வும். இன்னொரு பகுதியினருக்கு ஆறு வாரம் பிஸியோதெரபியும் வீட்டுப் பயிற்சியும். மீதிப் பேர் எப்போதும் போல நடமாடிக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் இரண்டு கூட்டத்தாருக்கும் கை வலி சீக்கிரமாகக் குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதோ மூன்று கூட்டத்தாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பயிற்சி என்பது குணமாவதை விரட்டிக்கொண்டு வருகிற சாட்டை இல்லை. அது தானாக வருகிற வழியில் நாம் குறுக்கே நிற்காமல் இருப்பதற்கும், அது வருவதற்குள் கை சோர்ந்து மெலிந்துவிடாமல் இருப்பதற்கும்தான். பட்டை போட்டவர்களும் டாக்டர் சொன்ன சில வாரத்தில் கழற்றிவிட வேண்டும். வருஷக் கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தால் கழுத்துத் தசைகள் சோம்பேறியாகிவிடும்.

ஆடி முழுவதும் காலண்டரில் 'வி'யும் 'மு'வும் மாறி மாறி வந்தன. ஆவணி பிறந்த பிறகு 'வி' அபூர்வமாயிற்று. பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் மட்டும் ஒரு பெரிய 'வி'. கொழுக்கட்டை மாவு கிளறியதற்குத் தண்டனை! அதற்காக நான் பயந்து எல்லாவற்றையும் நிறுத்தவில்லை. இரண்டு நாள் நடையும் முகவாயும் மட்டும் வைத்துக்கொண்டேன். எழுத்துத் திரும்பிவிட்டது. புரட்டாசியில் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் கொடுத்தாள் அந்தப் பெண். முழங்கையை மடக்கி நீட்டப் பத்துத் தடவை. ஒரு வாரம் கழித்து ஒரு லிட்டர் பாட்டில். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, சுவரைத் தள்ளுகிற மாதிரி ஒரு தண்டால். பொறுத்திருந்து மூன்று கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். எதற்கு மூன்று கிலோ என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மாமியார்தான், "பொறக்கிற குழந்தையும் அந்தக் கனந்தானே இருக்கும்?" என்றார்.

ஐப்பசி எட்டாம் தேதி பேத்தி பிறந்தாள். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காலை நீட்டிப் போட்டு, குழந்தையைக் காலில் கிடத்தி, குனிந்து குளிப்பாட்டுகிற வேலையை நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவ்வளவு நேரம் கழுத்தைக் குனிவதற்கு எனக்கு உத்தரவாகவில்லை. அதற்கு ஓர் அம்மாள் வருகிறார். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சின்னச் செம்பால் வெந்நீர் எடுத்துக் கொடுக்கிறேன், வலது கையால். துடைத்த பிறகு துணியோடு என் கையில்தான் வாங்கிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி அவள் தூங்கவே இல்லை. தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. காலையில் காலண்டரில் எழுத்துப் போடவும் மறந்துவிட்டது. பால் கணக்கு மட்டும்தான் இருக்கிறது, ஒரு லிட்டர், கூட அரை லிட்டர்.